ஆய்வுப் படிவத்தில் இல்லாத கட்டம்

சென்ற மாதம் காரைக்குடி கல்லூரிச் சாலையில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். முதுகலை படிக்கும் தங்கை ஒருவர் கையில் கத்தையாகத் தாள்களோடு வந்தார். "அண்ணே, ஒரு சர்வே. அஞ்சு நிமிசந்தான்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். புதிய செல்பேசிச் சேவைகளை ஏற்றுக்கொள்ள இளைஞர்களைத் தூண்டும் காரணிகள் பற்றிய ஆய்வு அது.

முதல் பக்கத்தில் வயது, பால், கல்வி, மாத வருமானம், திருமணம் ஆனவரா என்ற கட்டங்கள். அடுத்த பக்கத்தில் இருபது வாக்கியங்கள். 'இந்தச் சேவை எனக்குப் பயனுள்ளது', 'பயன்படுத்த எளிது', 'விலை நியாயமானது', 'என் நண்பர்கள் நான் இதைப் பயன்படுத்த வேண்டும் என நினைக்கிறார்கள்'. ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதிலிருந்து 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். பேனாவை வாங்கி டிக் அடிக்கத் தொடங்கினேன். ஏழாவது வாக்கியத்தில் கை நின்றுவிட்டது. என் வாழ்க்கையில் செல்பேசி நுழைந்த கதையில் எது முக்கியமோ அதைக் கேட்க இந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

அந்தத் தங்கையின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. உலகம் முழுவதும் நிர்வாகவியல் துறைகளில் இப்படித்தான் கேட்கிறார்கள். கேள்விகளே அப்படித்தான் கற்றுக்கொடுக்கப்படுகின்றன. அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

கடைக்குள் இருந்து பார்த்தது

படிப்பைப் பாதியில் விட்டு, காரைக்குடியில் ஒரு செல்போன் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். ரீசார்ஜ் போடுவது, சிம் கொடுப்பது, டெம்பர் கிளாஸ் ஒட்டுவது என்று நாள் ஓடும். யார் எதற்காகப் புதிய சேவைக்கு மாறுகிறார்கள் என்பதைக் கடைக்கு உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன்.

படிவம் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. முதலில் டிசம்பர் வரை, பிறகு 2017 மார்ச் வரை எல்லாம் இலவசம். அதுவரை பத்து ரூபாய் நெட் கார்டை வாரக்கணக்கில் பொத்திப் பொத்திச் செலவழித்த பையன்கள், காலையிலேயே ஆதார் அட்டையோடு வரிசையில் நின்றார்கள். 2018இல் ஏர்செல் திவாலானபோது, போர்ட் எண் கேட்டுக் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்துக்கு வேறு நிறுவனத்தை 'விரும்பித் தேர்வு செய்ய' அவகாசமே இருக்கவில்லை. 2024 ஜூலையில் கட்டணம் ஏறி, ஜியோவின் 155 ரூபாய் பேக் 189 ஆனது. கட்டிட வேலைக்குப் போகிறவர்கள் இரண்டாவது சிம்மை அத்தோடு கைவிட்டார்கள். விலை பேசுகிறது. அதை மறுக்கவில்லை.

எங்கள் பக்கத்துக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஆள் இல்லாத தெரு குறைவு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால், துபாயில் இருக்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்க இங்கே அம்மாக்கள் போட்டிம் செயலியைக் கற்றுக்கொண்டார்கள். 'பயன்படுத்த எளிது' என்பதற்காக அல்ல. அந்த நாட்டுச் சட்டத்துக்காகவும், மகள் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அழுததற்காகவும்.

இதுவரை படிவத்தில் அடங்கும். இனி வருவது அடங்காது.

கோட்பாட்டில் இருக்கும் ஓட்டை

இந்த வகைக் கேள்விகளுக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. 1962இல் எவரெட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்று ஒரு நூல் எழுதினார். முதலில் துணிந்து ஏற்பவர்கள், அவர்களைப் பார்த்து ஏற்பவர்கள், கடைசியில் வரும் பின்தங்கியவர்கள் என்று மக்களைப் பிரித்தார். 1989இல் ஃப்ரெட் டேவிஸ், ஒருவர் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பது அது பயனுள்ளது, எளிது என்று அவர் உணர்வதைப் பொறுத்தது என்றார். 2003இல் வெங்கடேஷும் மூன்று சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த கோட்பாடுகளை ஒன்றாக்கி, அவற்றோடு 'சமூகத் தாக்கம்', 'ஏதுவான சூழல்' ஆகியவற்றைச் சேர்த்தார்கள். பால், வயது, அனுபவம், விருப்பத்தின் பேரிலான பயன்பாடு ஆகிய நான்கும் இவற்றின் விளைவை மாற்றும் என்றார்கள். இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களில் வரும் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த அச்சில் வார்த்தவைதான்.

அந்த நான்கில் சாதி இல்லை. அமெரிக்க அலுவலகங்களை மனதில் வைத்து எழுதியவர்களிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் அதே அச்சை எடுத்துவந்து சிவகங்கை மாவட்டத்தில் வைத்து அளக்கும்போதும் நாம் சாதியைச் சேர்க்கவில்லை என்றால் அது கவனக்குறைவு ஆகாது, கண்ணை மூடிக்கொள்வது ஆகும்.

'சமூகத் தாக்கம்' என்ற சொல்லைப் பாருங்கள். எனக்கு முக்கியமானவர்கள் நான் இதைப் பயன்படுத்த வேண்டும் என நினைக்கிறார்களா என்பதுதான் கேள்வி. சமூகம் என்றால் தூண்டுவது, தள்ளிவிடுவது என்று மட்டுமே கோட்பாடு நினைக்கிறது. நம் ஊரில் சமூகம் முதலில் செய்வது தடுப்பது. 'நீ இதைப் பயன்படுத்தினால் உன்னை யார் அடிப்பார்கள்?' என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் வராது.

குடையும் செருப்பும்

இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் எங்கள் மாவட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 1985இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை சிவகங்கை, ராமநாதபுரத்துக்குள் இருந்தது. அந்த ராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று.

அதே காலத்தில்தான் செட்டிநாட்டின் பெரிய வீடுகளுக்குப் பர்மாத் தேக்கும், இத்தாலியப் பளிங்கும், பெல்ஜியக் கண்ணாடியும் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ரோஜர்ஸின் மொழியில் அந்த வீட்டுக்காரர்கள் 'புதுமையை முதலில் ஏற்றவர்கள்'. குடை பிடிக்கத் தடை விதிக்கப்பட்டவர்கள் 'பின்தங்கியவர்கள்'. குடையின் பயனை உணராமலா அவர்கள் வெயிலில் நடந்தார்கள்? செருப்பைப் பயன்படுத்துவது கடினம் என்றா வெறுங்காலோடு போனார்கள்?

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2025 பிப்ரவரியில் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமல் சாதியைச் சொல்லித் திட்டி வெட்டினார்கள் என்பது புகார். 1930இல் குடை, 2025இல் புல்லட். ஒரு பொருளை வாங்குவது ஒருவரின் பணத்தையும் விருப்பத்தையும் மட்டும் பொறுத்த விஷயம் என்று எங்கள் மாவட்டத்தில் யாரும் சொல்ல முடியாது.

லொகேஷன் எங்கே போடுவது?

செல்பேசி, குடை மாதிரியோ புல்லட் மாதிரியோ வெளியே தெரியும் பொருள் அல்ல. சட்டைப் பைக்குள் இருப்பது. அதனால் எங்கள் தலைமுறைக்கு அது சற்று எளிதாக வாய்த்தது. ஆனால் செல்பேசி வழியாக வரும் சேவைகள் அப்படி இல்லை. அவை முகவரி கேட்கின்றன.

உணவு கொண்டுவரும் செயலி காரைக்குடியில் வந்த புதிதில் நானும் பதிவிறக்கினேன். முகவரிக் கட்டத்தில் 'காலனி' என்று முடியும் என் தெருப் பெயரை அடித்தேன், அழித்தேன். கடைசியில் லொகேஷனை ஊர் முகப்பில் இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் குத்திவிட்டு, அங்கே நடந்துபோய்ப் பொட்டலத்தை வாங்கினேன். தெருவில் இன்னும் நான்கு பேர் இதையே செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாக, வசைச் சொல்லாக மாறிவிட்டது என்று சொல்லி, அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல முடிவு. ஆனால் வரைபடச் செயலிகளிலிருந்தும் மனிதர்களின் மனங்களிலிருந்தும் அதை யார் நீக்குவது?

அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறர் உங்களை எந்தப் பெயரில் சேமித்திருக்கிறார்களோ அது பலரின் திரையில் தெரியக்கூடும். எலக்ட்ரீசியன் வேலை பார்க்கும் என் மாமா மகனின் பெயருக்குப் பின்னால் அப்படி ஒட்டிக்கொண்டது அவர் தெருவின் பெயர். புதிய வாடிக்கையாளர் ஒருவர் போனை எடுப்பதற்கு முன்பே அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடுகிறது.

யு.பி.ஐ. பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் சில்லறையைக் கையில் படாமல் மேலிருந்து போடும் வழக்கத்தை எங்கள் அப்பா தலைமுறை அனுபவித்தது. கியூஆர் கோடு வந்தபின் அந்த அவமானம் இல்லை. எங்கள் தெருப் பையன்கள் கூகுள் பேவுக்கு வேகமாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவமானம் போயிற்று, தீண்டாமை போகவில்லை. தொடாமலே வியாபாரம் நடத்த அதற்கு இன்னும் வசதியான வழி கிடைத்துவிட்டது. 'இந்தச் சேவை எனக்குப் பயனுள்ளது' என்ற வாக்கியத்துக்கு நானும் அந்தக் கடைக்காரரும் ஒரே கட்டத்தில் டிக் அடிப்போம். காரணம் ஒன்றல்ல.

சிம் யார் பெயரில்?

கடையில் பெண்களின் கணக்கு தனிக் கணக்கு. பத்தொன்பது வயதுப் பெண் சிம் வாங்க வந்தால் பெரும்பாலும் கூட அப்பாவோ அண்ணனோ வருவார். ஆதார் அவருடையது, கைரேகை அவருடையது. ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும்படி அமைத்துத் தரச் சொல்வார்கள். 'லாக் போடாத மாதிரி செட் பண்ணிக் குடுங்க தம்பி' என்று என்னிடமே கேட்ட தந்தைகள் உண்டு. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் தாங்களே பயன்படுத்தும் செல்பேசி உள்ள பெண்கள் 53.9 விழுக்காடு. இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு. இந்த இடைவெளியை விலையாலும் எளிமையாலும் விளக்க முடியாது. ஒரே வீட்டில் ஒரே வருமானத்தில் வாழ்கிறவர்கள் அவர்கள்.

குஜராத்தில் இதை வெளிப்படையாகவே செய்தார்கள். 2016இல் மெஹ்சானா மாவட்டத்தின் சூரஜ் கிராமம் திருமணமாகாத பெண்கள் செல்பேசி வைத்திருக்கத் தடை போட்டது. 2019இல் பனாஸ்காந்தா மாவட்டத்தில் தாக்கூர் சாதிப் பெரியவர்கள் பன்னிரண்டு கிராமங்களுக்கு அதே தடையை விதித்தார்கள். படிப்பு கெட்டுவிடும் என்று காரணம் சொல்வார்கள். உண்மையான காரணத்தை அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே எழுதிவிட்டார். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது. பெண் யாரோடு பேசுகிறாள் என்பதைக் கட்டுப்படுத்தாமல் அகமணத்தைக் காப்பாற்ற முடியாது. செல்பேசி அந்தக் கட்டுப்பாட்டில் ஓட்டை போடும் கருவி. அதனால்தான் மகனுக்கு இருபதாயிரத்தில் போன் வாங்கித் தருகிற அதே அப்பா, மகளின் போனில் பூட்டு வேண்டாம் என்கிறார்.

எதிர்த்து நின்று வென்றவர்களும் உண்டு. விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை செல்பேசி கூடாது என்ற விதியை ஏற்க மறுத்ததால் வெளியேற்றப்பட்ட கேரளக் கல்லூரி மாணவி ஒருவர் நீதிமன்றம் போனார். 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. நம் ஊர்ப் பெண்கள் விடுதிகளின் விதிப் பலகைகளுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டிய தீர்ப்பு அது.

எந்தத் தடையும் இல்லாமல் எல்லா வீட்டிலும் ஏற்கப்பட்ட ஒரு செல்பேசிச் சேவை உண்டு. திருமணத் தகவல் செயலிகள். நூற்றுக்கணக்கான சாதிகளுக்குத் தனித்தனித் தளம், தனித்தனிச் செயலி. உட்பிரிவுக்கும் ஒரு வடிகட்டி. வீட்டு வாசலில் நின்ற தரகர் கைக்குள் வந்துவிட்டார். புதுமையை ஏற்கத் தயங்கும் பெரியவர்கள் என்று ஆய்வுகள் சொல்லும் அதே ஆட்கள் இதை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள்.

ஏற்றுக்கொள்ளாமல் இருக்க முடியுமா?

கோட்பாடு 'விருப்பம்' பற்றியும் பேசுகிறது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் வருகைப் பதிவு செயலி வழியாகத்தான் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. தினம் இரண்டு முறை புகைப்படம். சிக்னல் இல்லாத கண்மாய்க் கரையில் படம் ஏறவில்லை என்றால் கூலி கேள்விக்குறி. 2024 ஜனவரி முதல் அந்தக் கூலியும் ஆதார் வழியாகத்தான். கல்வி உதவித்தொகைக்கும் ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு வேண்டும். இதற்கெல்லாம் கையில் போன் வேண்டும், அதில் ரீசார்ஜ் வேண்டும். இங்கே யாரும் எதையும் 'ஏற்றுக்கொள்ளவில்லை'. ஏற்காவிட்டால் சோறு இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தலித் இளைஞருக்கு முகவரி போட முடியாத சேவை ஒரு பக்கம், தவிர்க்க முடியாத சேவை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் படிவம் கேட்கும் 'விருப்பம்' எவ்வளவு இடத்தில் வாழ்கிறது?

சாதி எவ்வளவு வேகமாகக் கற்கிறது

தொழில்நுட்பம் வளர்ந்தால் சாதி தானாகத் தேய்ந்துவிடும் என்று நம்புகிற நல்ல தோழர்கள் நம்மிடையே உண்டு. தந்தை பெரியார் 'இனிவரும் உலகம்' பேசியபோது, கம்பியில்லாமல் பேசும் கருவி ஒவ்வொருவர் பையிலும் இருக்கும், முகம் பார்த்துப் பேசும் வசதி பெருகும் என்று 1940களிலேயே முன்னுணர்ந்தார். அது அப்படியே நடந்தது. ஆனால் அவர் கண்ட உலகில் கருவியோடு பகுத்தறிவும் சமத்துவமும் சேர்ந்து வந்தன. நமக்குக் கருவி மட்டும் முதலில் வந்துவிட்டது.

சாதி காத்திருக்கவில்லை. 2015இல் கோகுல்ராஜ் கொலை வழக்கின் முதன்மைக் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளை வெளியிட்டு நாயகனாகத் தன்னைக் காட்டிக்கொண்டார். தமிழ்நாட்டின் பல கிராமங்கள் வாட்ஸ்அப்பைச் சரியாகப் பழகாத காலம் அது. 2019 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், எங்களுக்குப் பக்கத்திலேயே பொன்னமராவதியில், ஒரு சாதிப் பெண்களை இழிவுபடுத்திய ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் பரவிக் கலவரம் வெடித்தது. 144 தடை உத்தரவு வரை போனது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் தலித் மென்பொருள் பொறியாளர் ஒருவர் ஆணவப் படுகொலை செய்யப்பட்டபோது, கொன்றவனைப் புகழ்ந்து ரீல்ஸ் வந்தன. 'முதலில் ஏற்பவர்கள்' பட்டியலில் சாதிச் சங்கங்களுக்கு ஓர் இடம் தர வேண்டும்.

அதே கருவி நம் கையிலும் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே நடந்த கொலையை நாடே பார்த்தது, கண்காணிப்புக் கேமரா பதிவு செல்பேசி செல்பேசியாகப் பரவியதால்தான். தனிக் குவளை, கோவில் நுழைவு மறுப்பு, பள்ளியில் நடக்கும் பாகுபாடு எதுவாக இருந்தாலும் இன்று முதல் சாட்சி யாரோ ஒருவரின் கையிலிருக்கும் போன். எங்கள் தெருவில் முதல் ஆண்ட்ராய்டு வாங்கிய அக்கா அதற்குச் சொன்ன காரணம் இன்னும் நினைவிருக்கிறது: "நாளைக்கு ஏதாச்சும் நடந்தா நாம சொல்றத எவன் நம்புவான்? படம் இருந்தா நம்பித்தானே ஆகணும்." இந்தக் காரணத்தை எந்தக் கோட்பாட்டின் எந்தக் கட்டத்தில் வைப்பது?

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆய்வு செய்யும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் எளிது. விலையைக் கேளுங்கள், எளிமையைக் கேளுங்கள். கூடவே இவற்றையும் கேளுங்கள். உங்கள் சிம் யார் பெயரில் இருக்கிறது? உங்கள் போனின் பூட்டு வேறு யாருக்குத் தெரியும்? ஒரு செயலியில் உங்கள் முகவரியை மாற்றிப் போட்டதுண்டா? எந்தச் சேவையைப் பயன்படுத்த உங்களுக்குப் பயம், யாரிடம்? எந்தச் சேவையை விருப்பமில்லாமல் பயன்படுத்துகிறீர்கள்? பிறகு சாதி என்ற கட்டத்தைச் சேருங்கள். பெயர் எழுதத் தேவையில்லாத படிவத்தில், சொல்ல விரும்புகிறவர் மட்டும் சொல்லட்டும். அப்போது தெரியும், 'பின்தங்கியவர்கள்' என்று நீங்கள் பெயர் வைத்தவர்களில் எத்தனை பேர் தடுக்கப்பட்டவர்கள் என்று.

வாசிக்கும் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெண்ணின் சிம் அவர் பெயருக்கு மாறட்டும். உங்கள் போனில் இருக்கும் சாதிக் குழுவிலிருந்து வெளியேறுங்கள். சத்தம் போடாமல் வெளியேறாதீர்கள், ஏன் என்று இரண்டு வரி எழுதிவிட்டு வெளியேறுங்கள். நண்பரை அவர் தெருவின் பெயரோடு சேமித்திருந்தால் இப்போதே அழியுங்கள்.

அன்று நான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தபோது கடைசிப் பக்கத்தில் 'வேறு கருத்துகள்' என்று இரண்டு கோடுகள் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் என் தெருவின் பெயரை முழுதாக, 'காலனி' என்று முடியும்படி எழுதினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: இந்த முகவரிக்கு எதையும் வரவழைக்க இன்னும் யோசிக்கிறேன், ஏன் என்று கேளுங்கள். அந்தத் தங்கை படித்துப் பார்த்தார். சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, "சொல்லுங்கண்ணே" என்றார்.